அம்பாசிடர் மார்க் 2-ஆ, ஃபியட் 1100 டி-யா?

50 வயதைக் கடந்த இந்தியக் கார் ஒன்றை வாங்கி வைத்து ஓட்ட ஆசைப்படுகிறவர் பெரும் செல்வந்தராக இல்லாவிட்டால், தேடித் தேடிக் கடைசியில் இரண்டு பெயர்களுக்குள்தான் வந்து நிற்பார். ஒன்று அம்பாசிடர், மற்றது ஃபியட். நம் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை மூன்றாவதாகச் சொல்லலாம். பார்க்க இரண்டையும்விட லட்சணமான வண்டி. ஆனால் அதற்கு உதிரிபாகம் தேடுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளத் துணிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

எந்த ஆண்டு வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. அம்பாசிடர் 2014 வரையிலும், ஃபியட்டின் வாரிசான பிரீமியர் பத்மினி இந்த நூற்றாண்டு பிறக்கும் வரையிலும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் ஒப்பீடு குழம்பிவிடும். நான் எடுத்துக்கொள்வது 1960-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை விற்ற இரண்டு பெட்ரோல் வண்டிகளை: கட்டம்போட்ட முன்கிரில் வைத்த அம்பாசிடர் மார்க் 2, 'டிலைட்' என்ற பெயரோடு 1964-ல் வந்த ஃபியட் 1100 டி. சட்டப்படி 'விண்டேஜ்' என்று பதிவு செய்யத் தகுதி பெற்றவை இந்தத் தலைமுறை வண்டிகள்தாம்.

பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாசிடர் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். வார்ப்புகளும் அச்சுகளும் வங்காளத்தின் உத்தர்பாரா ஆலைக்கு வந்துசேர, இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை இந்தியக் காராக்கியது. ஃபியட் 1100 இத்தாலியில் 1953-ல் அறிமுகமான வண்டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. இரண்டுமே தனிச் சட்டகம் (சேஸி) இல்லாமல், உடற்கூடே சுமை தாங்கும் 'மோனோகாக்' அமைப்பு கொண்டவை. இந்த ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். வாங்கும்போது உங்கள் பணத்தைக் காப்பாற்றப்போவதும் கரைக்கப்போவதும் இதுதான்.

இனி என்ஜின். அம்பாசிடரில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி வரிசை என்ஜின்: 1,489 சி.சி., சுமார் 55 குதிரைத்திறன். ஃபியட்டில் 1,089 சி.சி., சுமார் 40 குதிரைத்திறன். இத்தாலியில் 1100 டி என்ற பெயரில் விற்ற காருக்கு 1,221 சி.சி. என்ஜின் பொருத்தினார்கள். நமக்கு அதே உடல் கிடைத்தது, பழைய சிறிய என்ஜினோடு. அந்தச் சிறிய என்ஜினின் வேர் 1937-ல் வந்த ஃபியட் 508 சி வரை போகிறது, 68 மி.மீ. துளை (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மி.மீ. வீச்சு (பிஸ்டன் போய்வரும் தூரம்) என்ற அளவுகூட மாறவில்லை. அம்பாசிடர் என்ஜினும் இளையது அல்ல. 1947-ல் ஆஸ்டின் ஏ40 காருக்காகச் செய்த 1,200 சி.சி. என்ஜினின் வழித்தோன்றல் அது.

எண்களை மேலோட்டமாகப் பார்க்கிறவர் 'அம்பாசிடர்தான் பலசாலி' என்று முடித்துவிடுவார். கொஞ்சம் வகுத்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் இரண்டுமே ஏறத்தாழ 37. எந்த என்ஜினும் மற்றதைவிடக் கெட்டிக்காரத்தனமாக வடிவமைக்கப்பட்டது அல்ல. ஒன்று பெரியது, ஒன்று சிறியது, அவ்வளவுதான். எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்பாசிடர் சுமார் 1,100 கிலோ, ஃபியட் 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டன்னுக்கு 50 குதிரைத்திறன் ஒரு பக்கம், 45 மறுபக்கம். அம்பாசிடர் இன்னமும் முன்னால்தான் நிற்கிறது. இருந்தும் இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 120 கி.மீ.-ஐ ஒட்டியே வருகிறது. காரணம் அகலம். அம்பாசிடர் 1.65 மீட்டர் அகலம், ஃபியட் 1.46 மீட்டர். உயரமும் பருமனும் கொண்ட அம்பாசிடரின் முகம் காற்றை நெட்டித் தள்ளியே போகவேண்டும். கூடுதல் 15 குதிரைகள் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுவதிலேயே களைத்துவிடுகின்றன.

என்ஜினின் குணத்தைத் தீர்மானிப்பது குதிரைத்திறனைவிட, பிஸ்டன் மேலும் கீழும் போகும் வீச்சுதான் என்பது என் எண்ணம். அம்பாசிடரின் வீச்சு 88.9 மி.மீ., துளை 73 மி.மீ. நெடுவீச்சு என்ஜின். ஃபியட் தன் முழுத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 4,800 சுற்றில். அப்போது அதன் பிஸ்டன் நொடிக்குச் சராசரி 12 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அம்பாசிடரின் பிஸ்டன் அதே வேகத்தை 4,050 சுற்றிலேயே தொட்டுவிடும். ஆகவே ஃபியட்டை விரட்டி ஓட்டினால் அது பாடும். அம்பாசிடரை விரட்டினால் அது முனகும். மறுபுறம், முறுக்குவிசையில் பேச்சே இல்லை. அம்பாசிடர் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல், அதுவும் தாழ்ந்த சுற்றிலேயே, எடுத்துத் தருகிறது. ஃபியட்டுக்குக் கிடைப்பது 71.

இந்த எண்களின் பொருள் மலைப்பாதையில் விளங்கும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். அம்பாசிடரில் ஐந்து பேர் ஏறியிருந்தாலும், வளைவில் இரண்டாம் கியருக்கு இறக்கி, நேர்ப்பாதையில் மூன்றாம் கியரில் விட்டுவிட்டால் அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஃபியட்டில் அதே ஐந்து பேர் என்றால் மூன்றாம் கியருக்கு மாற்றிய கை கீழே வருவதற்குள் மறுபடி இரண்டாவது கேட்கும். ஆனால் ஓட்டுநர் மட்டுமோ, கூட ஒருவரோ இருந்தால் கதை தலைகீழ். ஃபியட்டின் முன்பகுதி சுலபமாகத் திரும்புகிறது, வளைவுக்குள் உடல் அவ்வளவாகச் சாய்வதில்லை, ஸ்டியரிங்குக்குத் தோள்பலம் தேவையில்லை. அம்பாசிடருக்கு ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங் என்பதால் காகிதத்தில் அது நவீனமானது. நேராகப் போகும்போது அதன் துல்லியம் பாராட்டத்தக்கதுதான். நின்ற இடத்தில் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த முன்பாரம்.

இரண்டிலும் கியர் தண்டு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. நம் ஊரில் 'ஹேண்ட் கியர்' என்பார்கள். நான்கு கியர்கள்; முதல் கியருக்கு சின்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை; வண்டி முழுக்க நின்ற பிறகே அதில் போடவேண்டும். இந்த விஷயத்தில் ஃபியட் வெகுதூரம் முன்னே. அதன் கியர் விரல்களால் மாற்றக்கூடிய கியர். அம்பாசிடரின் இணைப்புத் தண்டுகளில் புஷ் தேய்ந்துவிட்டால், இரண்டாம் கியரைத் தேடிக் கை அலையும். புதிய புஷ் போட்டுச் சரிசெய்த அம்பாசிடரில்கூட அது முழங்கையால் செய்யும் வேலைதான்.

பிரேக்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் டிரம், மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் சர்வோ உதவி கிடையாது, ஒரே ஹைட்ராலிக் சுற்று. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் இரண்டுமே சூடாகிப் பிடி தளரும். கனமான அம்பாசிடர் சீக்கிரம் தளரும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

அம்பாசிடரின் பின்னிருக்கைக்கு வருகிறேன். ஃபியட்டின் ரசிகனாகிய நான் இங்கே வாயடைத்துத்தான் நிற்கவேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் அம்பாசிடரில் 2,464 மி.மீ., ஃபியட்டில் 2,340 மி.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் அகலமும் கூரை உயரமும் நாற்காலி உயரமும் சேரும்போது அது வேறு வண்டி. வேட்டி கட்டிய பெரியவர் குனியாமல் ஏறி, தரையை எட்டிப் பார்க்காமல் இறங்கலாம். மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம். நெருங்கினால் நான்கு பேர். முன்னால் டார்ஷன் பார், பின்னால் லீஃப் ஸ்பிரிங், 15 அங்குலச் சக்கரம், உயரமான டயர் எல்லாமாகச் சேர்ந்து, மோசமான சாலையை ஒரு நிதானமான ஊசலாட்டமாக மாற்றிவிடுகின்றன. ஃபியட்டுக்கு முன்னால் காயில் ஸ்பிரிங்கும் இரட்டை விஷ்போனும் உண்டு, வடிவமைப்பு நேர்த்தியானது, சக்கரம் 14 அங்குலம். இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு குழந்தைக்கும் பின்னிருக்கை போதும். மூன்று பெரியவர்கள் என்றால் நடுவில் இருப்பவர் பயணம் முழுக்க முன்னால் சாய்ந்தே வருவார். அமைச்சர்களும் ஆட்சியர்களும் ஏன் அம்பாசிடரில் போனார்கள் என்பதற்கு அரசாங்க ஒப்பந்தம் மட்டும் காரணம் இல்லை. அவர்கள் யாரும் தாமே ஓட்டவில்லை.

நான் இவ்வளவு சுற்றிவருவதே இதைச் சொல்லத்தான்: அம்பாசிடர் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்காக இருக்கிறது, ஃபியட் ஓட்டுகிறவருக்காக இருக்கிறது. வேகமும் மைலேஜும் இதற்குப் பிறகுதான். மைலேஜைக் கேட்டே தீருவேன் என்றால், நல்ல நிலையில் உள்ள ஃபியட் லிட்டருக்கு 12, 13 கி.மீ. தரும், அம்பாசிடர் 9 அல்லது 10. மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இந்த வேறுபாடு முடிவை மாற்றக்கூடாது.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட எந்தப் பெட்ரோலைக் குடிக்கிறது என்பது இன்று பெரிய கேள்வி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். எரிபொருள் குழாய், பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட் என ஒவ்வொன்றையும் எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்றிவிடவேண்டும். இரண்டு வண்டிக்கும் இது பொது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்குக்குள் துருவை வளர்க்கும். ஈயம் நீக்கிய பெட்ரோல் இன்னொரு சங்கதி. அம்பாசிடரின் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு இருக்கைகள் பல வண்டிகளில் அந்த இரும்பிலேயே கடைந்தவை. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் அவை மெல்லத் தேயும். ஹெட் வேலைக்குக் கழற்றும்போது கடின இருக்கை வளையங்கள் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது. ஃபியட்டின் ஹெட் அலுமினியம் என்பதால் தனி வளையங்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

அதே அலுமினியம்தான் ஃபியட்டின் பலவீனமும். சூடு அளவு மீறினால் ஹெட் கோணிக்கொள்ளும், கேஸ்கெட் போகும். சித்திரை வெயிலில் நகர நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது வெப்பமானியில் ஒரு கண் இருக்கவேண்டும். அம்பாசிடர் கொதித்தாலும் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு பெரும்பாலும் வீடு வந்துசேரும். வாங்கும்போது ஃபியட்டின் ஆயில் தண்டை உருவிப் பாருங்கள். காபி நிறத்தில் நுரை இருந்தால் விலையைப் பேசாமல் வந்துவிடுங்கள்.

உதிரிபாகத்தில் அம்பாசிடருக்குப் பெரிய அனுகூலம் உண்டு. 2014 வரை தயாரான வண்டி, நாடெங்கும் டாக்ஸியாக ஓடிய வண்டி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் கால்கடுக்க அலைந்தால் என்ஜின், பிரேக், கிளட்ச் சாமான்கள் கிடைத்துவிடும். எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்ததும் இதே 1,489 சி.சி. என்ஜின்தான், உலகெங்கும் அதைக் கொண்டாடுகிறவர்கள் இருப்பதால் இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்கிறார்கள். (அம்பாசிடரை ஸ்போர்ட்ஸ் காரின் பங்காளி என்று சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.) பம்பாய் டாக்ஸிகளின் புண்ணியத்தில் ஃபியட்டின் இயந்திரப் பாகங்களும் தட்டுப்பாடு இல்லாமல் இருந்தன. அந்த நகரின் கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போயின. இனி வரும் ஆண்டுகளில் தேடல் கடினமாகும் என்றே எதிர்பார்க்கிறேன்.

ஆனால் இயந்திரப் பாகங்களை வைத்து முடிவெடுப்பவர் ஏமாந்துபோவார். என்ஜினைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, புதியதுபோல் ஆக்கிவிடலாம். கிடைக்காதவை வேறு: மார்க் 2-ன் கிரில், அந்த ஆண்டின் டாஷ்போர்டு, மீட்டர்கள், குரோம் பட்டைகள், 1100 டி-யின் பின்விளக்குகள், கதவுப்பிடிகள். பிற்கால அம்பாசிடரின் முகத்தை மார்க் 2-ல் பொருத்தியிருக்கும் வண்டிகளும், பத்மினியின் முகத்தை 1100 டி-யில் மாட்டியிருக்கும் வண்டிகளும் சந்தையில் ஏராளம். விற்பவர் 'எல்லாம் ஒரிஜினல்' என்று சத்தியம் செய்வார். அவர் வாங்கியபோதே அப்படித்தான் இருந்திருக்கும் என்பதால் பொய் என்றும் சொல்லமுடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே துரு. உடற்கூடே சட்டகமாக இருக்கும் வண்டியில் துரு என்பது அழகுக் குறை அல்ல, எலும்புருக்கி. அம்பாசிடரில் கதவுகளுக்கு அடியில் ஓடும் பக்கவாட்டுப் பெட்டித்தகடு, டிக்கியின் தரை, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பேட்டரிக்கு அடியில் உள்ள தட்டு ஆகியவற்றைப் பாருங்கள். ஃபியட்டில் தகடு இன்னும் மெல்லியது. கால்வைக்கும் தரை, ஜாக்கி வைக்கும் இடம், முன்சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் பகுதி ஆகியவை முதலில் போகும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். பெயின்டுக்கு அடியில் பட்டி (ஓட்டையையும் பள்ளத்தையும் மறைக்கப் பூசும் பசை) தடித்திருந்தால் காந்தம் ஒட்டாமல் வழுக்கும். அடுத்து, வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தாலோ இறுகினாலோ கூடு வளைகிறது என்று பொருள். விற்பவருக்கு இந்தச் சோதனை பிடிக்காது.

டிங்கரிங் வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். கையால் தகடு தட்டி வளைவுகளை மீட்டெடுக்கும் மூத்த டிங்கர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், அவருக்கு எந்த வண்டியில் கை பழகியிருக்கிறது என்று கேட்டுவிட்டுக்கூட வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 55 குதிரைத்திறனுக்கும் 40-க்கும் இடையில் உள்ள வேறுபாட்டைவிட, நல்ல கூடுள்ள ஃபியட்டுக்கும் பட்டியால் ஒட்டவைத்த அம்பாசிடருக்கும் இடையில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

இனி ஆவணம். 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்தக் கால மெட்ராஸ் எண்ணோடு ஒரு வண்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பதிலுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அன்றாட உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலைக்கு வரலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டு முதலை எடுத்துவிடலாம் என்று அம்பாசிடரைத் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அதே விதி, சேஸியிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்கிறது. இங்கே அம்பாசிடர்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் விலைக்கு அஞ்சி எத்தனையோ மார்க் 2 வண்டிகளுக்கு டீசல் என்ஜின் மாற்றினார்கள், சிலர் ஆர்.சி. புத்தகத்தில் திருத்தினார்கள், பலர் திருத்தவில்லை. ஃபியட்டின் சிறிய பானெட்டுக்குள் அந்தக் கொடுமை நடப்பது கடினம் என்பதாலோ என்னவோ, சொந்த என்ஜினோடு தப்பிப் பிழைத்தவை ஒப்பீட்டளவில் கூடுதலாக என் கண்ணில் படுகின்றன.

என்னைக் கேட்டால், தனியாகவோ துணையோடோ அதிகாலையில் எழுந்து தானே ஓட்டிப்போகும் ஆசைக்குத்தான் இந்த வயது வண்டி என்பதால், 1100 டி-யையே எடுப்பேன். வீட்டில் மூத்தவர்கள் இருந்து, அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போகும் தினசரி வண்டியாகவும் இது இருக்கவேண்டும் என்றால் அம்பாசிடர்தான் சரி. ஆனால் அப்போது விண்டேஜ் பதிவை நாடாமல் சாதாரணப் பதிவிலேயே வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வாங்க நினைக்கிறவர் முதலில் அம்பாசிடரை அளந்துவிட்டு ஷெட் கட்டட்டும். அது 4.3 மீட்டர் நீளம். கதவு திறக்க இருபுறமும் இடம் விடவேண்டும்.